பாயம்மா நட்ட அசோகம்

“அசோகா கன்று இருக்கா?” என்று கேட்டுக்கொண்டு பாயம்மாவின் நர்சரிக்குள் நுழைந்தவர்கள் எவரும் திட்டு வாங்காமல் வெளியே வந்ததில்லை. காரில் வந்தவர், டிராக்டரில் வந்தவர், கல்யாண மண்டபம் கட்டிவிட்டு வந்தவர், எல்லாருக்கும் ஒரே மரியாதைதான்.

“எந்த அசோகா?” என்பார், மூக்குக்கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிவிட்டு.

“அதாம்மா, நெட்டநெட்டையா, சுவரோரம் வரிசையா வைப்பாகள்ல...”

“அது நெட்டிலிங்கம். எவனோ ஒருத்தன் பேரை மாத்திச் சொல்லி வித்துட்டான், ஊரு பூரா அதையே பிடிச்சுத் தொங்குறீக. நெட்டிலிங்கம் வேணும்னா வேற கடையைப் பாருங்க. அசோகம் வேணும்னா உக்காருங்க, காட்டுறேன்.”

உட்கார்ந்தவர் தொலைந்தார். ஒரு கையில் நெட்டிலிங்கக் கொப்பு, இன்னொரு கையில் அசோகக் கொப்பு. நெட்டிலிங்கத்தில் இலை ஒத்தை ஒத்தையாக இருக்கு, ஓரம் அலை அலையாகச் சுருங்கியிருக்கு, பார்த்தீகளா? அசோகத்தில் ஒரே காம்பில் இரண்டிரண்டாக எதிரெதிரே நிக்குது, ஓரம் வழுவழுன்னு இருக்கு, பார்த்தீகளா? அது பச்சையாகப் பூக்கும், பூத்தது அதுக்கே தெரியாது. இது அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகப் பூக்கும், இன்றைக்கு ஆரஞ்சு, நாளைக்குச் சிவப்பு. இவ்வளவும் சொல்லி முடித்துவிட்டு, வந்தவரைத் திருப்பிச் சொல்ல வேறு வைப்பார். மண்டபக்காரர் ஒருவர் சொல்லி முடித்துவிட்டு, கன்றும் வாங்காமல், தப்பித்தோம் பிழைத்தோம் என்று காரை எடுத்தார்.

இப்படி இருந்தால் வியாபாரம் எப்படி நடக்கும்? பாயம்மாவின் வீட்டுக்காரருக்குச் சிவகாசியில் காகிதக் கடை. காலண்டர் சீசனில் அங்கே நிற்க இடம் இருக்காது. “அவுக காகிதம் விக்கிறாக, நான் கோவத்தை விக்கிறேன்” என்று பாயம்மாவே சொல்லிச் சிரிப்பார். சிரிப்பும் சத்தமாகத்தான் இருக்கும்.

அவருக்குப் பெயர் இருந்தது. ஆனால் வெம்பக்கோட்டை ரோட்டில் எல்லாருக்கும் அவர் பாயம்மாதான், நானும் அப்படியே வைத்துக்கொள்கிறேன். அவருடைய நர்சரியும் நான் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியும் ஒரே முள்கம்பி வேலிக்கு இரண்டு பக்கம். கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் என்ன என்று ஆத்திரம் வருகிறது. ஆனாலும் சொல்ல மாட்டேன், இன்னும் அங்கேதான் பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிறேன். பட்டாசுக்குள் போகிற பொடியை நாங்கள் மருந்து என்றுதான் சொல்வோம். எந்த நோயைத் தீர்க்கிற மருந்தோ!

எம். புதுப்பட்டியிலிருந்து எங்களை ஏற்றி வரும் வேன் நர்சரி வாசலில்தான் நிற்கும். இறங்கும்போதே திட்டு கேட்கும். உரக்கடைக்காரனைத் திட்டுவார். பெய்யாத மழையைத் திட்டுவார். வெள்ளைத் துப்பட்டியின் முனையை இடுப்பில் செருகிக்கொண்டு, போன வாரம் வாங்கிய கன்று காய்ந்துவிட்டது என்று வந்தவனைத் திட்டுவார். “காயல, நீ கொன்னுட்ட. சரியாச் சொல்லு.” அவருக்கு எதையும் சரியான பெயரில் சொல்ல வேண்டும். ஒன்றை இன்னொன்றாகச் சொல்லி ஒப்பேற்றினால் ரத்தம் தலைக்கு ஏறிவிடும். அவரைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

அந்த மரம் எங்கள் கம்பெனிக்குள் வந்ததும் இந்தக் கோபத்தால்தான்.

மருந்து அடைக்கிற அறைக்குள் சோறு தின்னக் கூடாது. சரியான சட்டம், குறை சொல்ல மாட்டேன். அதற்காகச் சாப்பாட்டுக் கூடம் ஒன்று கட்டியிருந்தார்கள். கட்டி, அதற்குள் அட்டைப்பெட்டியை அடுக்கிவிட்டார்கள். செக்கிங் வரும் அன்றைக்குப் பெட்டியை வெளியே எடுப்பார்கள், ஆபீசர் பார்ப்பார், போவார், பெட்டி உள்ளே போகும். நாங்கள் வேலியோரம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, வெயிலில் குந்தித் தின்போம். தூக்குவாளியைத் தொட்டால் சுடும்.

ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பாயம்மா பார்த்துவிட்டார்.

“ஏத்தா, என்ன கோலம் இது? கோழியைக்கூட நிழல்லதான கூடையைப் போட்டுக் கவுத்துறாக! உங்களுக்குச் சாப்பாட்டுக் கூடம்னு போர்டு மாட்டியிருக்கே, அங்கன என்ன இருக்கு?”

“அட்டைப்பெட்டிம்மா” என்றாள் என் பக்கத்தில் இருந்த ஜெயா.

“அப்ப அட்டைப்பெட்டிக் கூடம்னு எழுதச் சொல்லுங்க!”

மறுநாளே முதலாளியிடம் போய்விட்டார். முதலாளி நல்ல மனிதர்தான், பேச்சில். “நிழலுக்கு மரம் வைக்கணுமா? தாராளமா வைங்கம்மா. அசோகா நாலு வைங்க, கேட்டுக்கு ரெண்டு பக்கமும் அழகா இருக்கும்” என்றாராம். இதைச் சொல்லும்போது பாயம்மாவுக்கு மூச்சு வாங்கியது. “நிழலுக்கு நெட்டிலிங்கமாம்! அதுக்கடியில எறும்பு நிக்குமா? இருங்க, அசோகா கேட்டாருல்ல, அசல் அசோகத்தையே கொண்டாறேன்.”

ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் அவருடைய சொந்தக்காரர் தோப்பு இருந்தது. அங்கே விழுந்த விதையைக் காயவிடாமல் ஈரச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து முளைக்க வைத்திருந்தார். காய்ந்துவிட்டால் அந்த விதை எதற்கும் ஆகாதாம். முழங்கால் உயரம் வளர்ந்திருந்த கன்றுகளில் நல்லதாக ஒன்றை எடுத்தார். காட்டு ஓடைக்கரையில், பெரிய மரங்களின் நிழலில் வளர்கிற சாதி அது. அதை எங்கள் கரிசலில், இந்த வெயிலில் நிறுத்தப் போகிறாராம். போர்மேன் அண்ணாச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

ஆள் இறங்கி நிற்கிற அளவுக்குக் குழி தோண்டவைத்தார். செம்மண் வந்தது, கண்மாய் வண்டல் வந்தது, மக்கிய சருகு மூட்டை மூட்டையாக வந்தது. மேற்கு வெயிலை மறைக்க இரண்டு அகத்தியை முன்னால் நட்டார். அகத்தி மளமளவென்று வளர்ந்து குடை பிடிக்கும், கன்று தேறியதும் அகத்தியை வெட்டிவிடலாம் என்றார். ஓட்டை போட்டுத் துணித்திரி செருகிய மண்பானை ஒன்றைக் கன்றுக்குப் பக்கத்தில் கழுத்து வரைக்கும் புதைத்தார். “பானையில தண்ணி குறையக் கூடாது. இது உங்க பொறுப்பு. செத்துச்சுன்னா உங்களைத்தான் கேப்பேன்.”

பொறுப்பாகத்தான் இருந்தோம். கை கழுவுகிற தண்ணீரை வீணாக்காமல் அந்தப் பானையிலேயே ஊற்றினோம். கொஞ்ச நாளில் இலையோரம் கருகத் தொடங்கியது. பாயம்மா வந்து பானைக்குள் கையை விட்டார். வெள்ளி வெள்ளியாக, சாம்பல் நிறத்தில் கை வெளியே வந்தது.

“யா அல்லா! மருந்துக் கையைக் கழுவுன தண்ணியையா ஊத்துறீக? அடியே, உங்க பிள்ளைகளுக்கு இதைக் குடிக்கக் குடுப்பீகளா?”

“தண்ணிதானம்மா...”

“இது தண்ணியா? கந்தகமும் அலுமினியப் பொடியும் கரைச்ச குழம்பு. இதுக்குப் பேரு தண்ணியா?”

பானையைப் பிடுங்கி எறிந்து, மேல்மண்ணை வழித்து வெளியே கொட்டி, புதுப் பானை வைத்தார். அதற்குப் பிறகு ஆளுக்கு ஒரு மடக்குக் குடிதண்ணீர், பாட்டிலில் மிச்சம் இருப்பதை ஊற்றுவது வழக்கமானது. திட்டு வாங்கிய எரிச்சலில் ஜெயாதான் முதலில் ஊற்றினாள், “குடி தாயே, எனக்கும் சேத்துக் குடி” என்று சொல்லிக்கொண்டே.

அடுத்த சண்டை போர்மேனோடு. வெயில் தணிந்த ஒரு மாதம், கன்று முழுக்கப் புது இலை விட்டது. அசோகத்தின் கொழுந்து நிமிர்ந்து வராது. செம்பு நிறத்தில், நனைந்த துணி மாதிரித் தொங்கிக்கொண்டே பிறக்கும். போர்மேன் அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு, வாடிச் செத்துவிட்டது என்று முடிவுகட்டி, பிடுங்கிப் போடச் சொல்லி ஆளும் அனுப்பிவிட்டார். பாயம்மா வேலியைத் தாண்டி வந்த வேகத்தில் துப்பட்டி கம்பியில் மாட்டிக் கிழிந்தது.

“யோவ் போர்மேன்! சாகுறதுக்கும் பிறக்குறதுக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு? கையை எடு!”

அந்தக் கொழுந்துகள் ஒரு வாரத்தில் பச்சையாகி நிமிர்ந்துகொண்டன. போர்மேன் அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மரத்தைப் பார்க்காத மாதிரிப் போனார்.

என் மகள் பால்வாடிக்குப் போன வருசம் நட்டது. அவள் ஹைஸ்கூலுக்குப் போன வருசம் மரம் எங்கள் எல்லாருக்கும் இடம் கொடுத்தது. அடர்ந்த நிழல். வெயில் ஒரு பொட்டுக்கூட இறங்காது. மாசி கடைசியில் முதன்முதலாகப் பூத்தது. கொப்பெல்லாம் ஆரஞ்சுக் கொத்து. ஜெயா ஒரு கொத்தைத் தலையில் செருகிக்கொண்டாள். பாயம்மா அதற்கும் திட்டுவார் என்று பார்த்தோம். திட்டவில்லை. பெருநாளுக்கு மறுநாள் அண்டா நிறைய நெய்ச்சோறு கொண்டுவந்து, எங்களோடு மரத்தடியில் உட்கார்ந்து, எங்கள் தூக்குவாளியிலிருந்து கத்தரிக்காய்க் குழம்பை ஊற்றித் தின்றார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் அதற்குப் பின்னால் பார்க்கவில்லை.

ஏனென்றால் நிழல் தெரிந்தது எங்கள் கண்ணுக்கு மட்டுமில்லை. போர்மேன் கண்ணுக்கும் தெரிந்தது.

ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. ஒரு அறை தீப்பிடித்தால் நாலு பேரோடு போகட்டும் என்றுதான் அறைகளைத் தள்ளித் தள்ளிக் கட்டியிருக்கிறது. வெளியே எங்கேயும் மருந்தைத் தொடவே கூடாது. ஆனால் சீசன் வந்து ஆர்டர் குவிந்துவிட்டால் அறை போதாது. அந்த வருசம் ஆடி முழுக்கத் தூறல் போட்டு வேலை கெட்டுப்போய், ஆவணியில் எல்லாம் தலைக்கு மேல் ஏறி நின்றது. போர்மேன் பாயைக் கொண்டுவந்து அசோகத்தடியில் விரித்தார்.

“சும்மா லேபிள் ஒட்டுறதுக்குத்தாம்மா. காத்தாட இருக்கும்” என்றார்.

லேபிள் ஒட்டினோம். நன்றாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் காலிக் குழாய்கள் வந்தன. அதற்கடுத்த வாரம் திரி வந்தது. அதற்கடுத்து ஒருநாள் மருந்துத் தட்டும் வந்துவிட்டது. சோறு தின்ற அதே இடத்தில், பத்துப் பன்னிரண்டு பேர் முட்டிக்கு முட்டி உட்கார்ந்து அடைத்தோம். முடியாது என்றவளுக்கு மறுநாள் வேன் நிற்காது.

பாயம்மா வேலியில் வந்து நின்று பார்த்தார். முதலில் மெதுவாகத்தான் கேட்டார்.

“ஏத்தா... நான் சோறு திங்கத்தானடி வச்சேன்.”

அப்புறம் சத்தம் வந்தது. போர்மேனைக் கேட்டார், முதலாளியைக் கேட்டார். “உங்க மரம் அம்புட்டு நல்லா வளந்துருச்சும்மா. பிள்ளைகளே விரும்பி வந்து உக்காருதுக” என்றார் முதலாளி. பிள்ளைகளே விரும்பி! இதைச் சொன்ன வாய்க்கு என்ன பெயர் வைப்பது?

பாயம்மா மேலே தகவல் சொல்லி ஆபீசரை வரவழைத்தார். ஜீப் ரோட்டில் திரும்பும்போதே கேட்டிலிருந்து போன் வந்துவிட்டது. பாய் சுருண்டது, தட்டு மறைந்தது, நாங்கள் அறைக்கு நாலு பேராகப் பிரிந்துபோனோம், மிச்சப் பேர் பின்பக்கம் ஓடையில் ஒளிந்தோம். ஆபீசர் அசோகத்தடியில் நாற்காலி போட்டு இளநீர் குடித்தார். “நல்ல நிழலா இருக்கே, என்ன மரம்?” என்று கேட்டாராம். “அசோகா சார்” என்றார் போர்மேன். “அசோகா நெட்டையால்ல இருக்கும்” என்று சொல்லிவிட்டு ஆபீசர் ஜீப்பில் ஏறிவிட்டார்.

அந்தச் சீசன் எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜெயாவுக்கு ஆனது. அவள் அதற்குள் கல்யாணமாகி, புருசன் ஊர்ப்பக்கம் இன்னொரு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கேயும் ஒரு மரம், வேம்பு. அங்கேயும் பாய் விரித்திருந்தார்கள். ஒருநாள் மத்தியானம் எங்களுக்கு வெடிச் சத்தம் கேட்டது. எங்கே என்று தெரியாமல் ஆளாளுக்குப் போனை எடுத்தோம். ஜெயாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் பேப்பரில், விதியை மீறி மரத்தடியில் பட்டாசு தயாரித்தபோது பெண்கள் பலி என்று போட்டிருந்தது. பாயம்மா அந்தப் பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு வேன் நிற்கும் இடத்துக்கு வந்தார்.

“விதியை மீறினது யாரு? ஜெயாவா? மரத்தடியில உக்கார வச்சவன் பேரு எங்க? அதைப் போட மாட்டாகளா? ஒண்ணு பொம்பளை மேல பழி, இல்லாட்டி மரத்து மேல பழி!”

நாங்கள் அழுதுகொண்டு நின்றோம். அவர் அழவில்லை. ஜெயா தண்ணீர் ஊற்றிய பானை இருந்த இடத்தையே வேலி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நாள் எல்லாக் கம்பெனியும் மூடிக் கிடந்தது. பிறகு திறந்தது. திறந்த வாரமே போர்மேன் பாயோடு வந்தார். நான் பொய் சொல்லவில்லை, அதே வாரம்.

அடுத்த திங்கள்கிழமை வேனைவிட்டு இறங்கும்போது ரம்பச் சத்தம் கேட்டது. மெஷின் ரம்பம் உள்ளே கொண்டுபோகக் கூடாது, பொறி பறக்கும். அதனால் பாயம்மா கை ரம்பம் கொண்டுவந்திருந்தார், இழுக்க இரண்டு ஆட்களோடு. வாட்ச்மேன் வழக்கம்போல மரத்துக்கு வைத்தியம் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து விட்டுவிட்டான். நாங்கள் ஓடிப்போய்ச் சேரும்போது கொப்பெல்லாம் கீழே கிடந்தது. அடிமரத்தில் ரம்பம் பாதி இறங்கியிருந்தது. கொப்புகளில் அரும்பு கட்டியிருந்தது.

போர்மேன் கத்திக்கொண்டு வந்தார். “யாரைக் கேட்டு வெட்டுறீக?”

“நட்டதும் நான்தான், வெட்டுறதும் நான்தான்.”

எனக்குத் தாங்கவில்லை. எங்களுக்கு இருந்தது அது ஒன்றுதான். “எங்க நிழலை ஏம்மா வெட்டுறீங்க? வெட்டுறதுன்னா அவங்க பாயை வெட்டுங்க, எங்க மரத்தை எதுக்கு?” என்று நானும் கத்தினேன்.

பாயம்மா என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“அவன் பாயைப் பிடுங்க எனக்குச் சட்டம் இல்லைத்தா. எல்லாக் கதவையும் தட்டிட்டேன். என் கையில இருக்கிறது இந்த மரம் ஒண்ணுதான். வெயில்ல குந்தித் தின்னு. வேர்க்கும், மயக்கம் வரும், என்னைத் திட்டு. உசிரோட இருந்து திட்டு.”

மரம் சாய்ந்தது. சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை.

மறுநாள் அவர் இன்னொரு காரியம் செய்தார். வெயில் சுட்ட அந்த இடத்தைச் சுற்றி வரிசையாகக் கன்றுகள் நட்டார். என்ன கன்று என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒத்தை ஒத்தை இலை, ஓரம் அலை அலையாக. வாழ்நாள் முழுக்க நர்சரிக்குள் நுழைய விடாத நெட்டிலிங்கத்தை, வேறு கடைக்குப் போய் வாங்கிக்கொண்டுவந்து, தன் கையாலேயே மண் தள்ளி நட்டார். “இதுக்கடியில எவன் பாய் விரிக்கிறான்னு பாக்குறேன்” என்றார். முதலாளிக்குப் பரம திருப்தி. கம்பெனி இப்போதுதான் பார்க்க லட்சணமாக இருக்கிறதாம்.

எந்த மரத்தை எங்கே வைக்க வேண்டும் என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்த ஒரு பொம்பளை, நிழல் தராத மரத்தைத் தேடிப்போய் வாங்கி நடும்படி ஆக்கிவிட்டார்களே, அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. கேட்டவர் யாரும் இல்லை.

அசோகம் லேசில் சாகாது. வெட்டிய அடிமரத்திலிருந்து மழைக்குப் பிறகு தளிர் வந்தது, செம்பு நிறத்தில், தொங்கிக்கொண்டு. பாயம்மா மாதம் தவறாமல் வந்து அதைத் தடவிப் பார்த்துவிட்டு ஒடித்துவிடுவார். வேரோடு தோண்ட மட்டும் யாரையும் விடவில்லை. “இருக்கட்டும். இவுக பாயைச் சுருட்டுற காலம் வரும்ல, அப்ப இதை வளரவிடு” என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

அவர் மௌத்தாகி மண்ணுக்குள் போய் இரண்டு வருசம் ஆகிறது. கம்பெனி லீவு தரவில்லை. நாங்கள் வேன் டிரைவரைக் கெஞ்சி, வேலை முடிந்து போய்ப் பார்த்தோம். நர்சரியை இப்போது மகன் நடத்துகிறான். வாசலில் பெரிய போர்டு வைத்திருக்கிறான், அசோகா கன்றுகள் மொத்தமாகவும் சில்லறையாகவும் கிடைக்கும் என்று. உள்ளே இருப்பது பூராவும் நெட்டிலிங்கம். அந்தப் போர்டைத் தாண்டும்போதெல்லாம் வேனுக்குள் இருந்தே நான் சத்தமாகச் சொல்வேன், “அது நெட்டிலிங்கம்டா!” அவன் சிரிப்பான்.

தளிரை இப்போது நான்தான் ஒடிக்கிறேன். போன வாரமும் ஒடித்தேன். புதிதாக வந்திருக்கும் போர்மேன் சின்ன வயசு, பின்னால் வந்து நின்றான்.

“ஏன்க்கா, நல்லா வர்ற மரத்தைப் போயி ஒடிக்கீக? விட்டா நல்லா நிழல் குடுக்கும்ல?”

அவன் கக்கத்தில் சுருட்டிய பாய் இருந்தது.

“அதுக்குத்தான் ஒடிக்கிறேன்” என்றேன்.